சிஓஎஸ்ஸுக்கு 48 லட்சமா? காணியை ஈடு வைக்க முன்னர் வாசியுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இதை வாசிப்பார்கள். தம்பிக்கு 26 வயது, உயர்தரம் முடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) அவருக்கு 'சிஓஎஸ்', அதாவது வேலை விசாவுக்கு முதலாளி தருகிற ஸ்பொன்சர் பதிவு, தரப்போகிறதாம். ஏஜென்ட் மொத்தமாக 48 லட்சம் கேட்கிறார், 5 லட்சம் முற்பணம் கொடுத்தாயிற்று, மிச்சத்துக்குச் சுன்னாகத்துக் காணியை ஈடு வைக்கலாமா என்று அம்மா யோசிக்கிறார். இது சரிவராவிட்டால் அதே ஏஜென்ட் கனடாவுக்கு எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்குகிற அரச மதிப்பீடு, எடுத்துத் தருவாராம். லண்டன் ஹரோவில் கடை வைத்திருக்கும் மாமா நேரடியாக ஸ்பொன்சர் பண்ண ஏலாதா என்பது கடைசிக் கேள்வி.

காணியை ஈடு வைக்க வேண்டாம். ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

எங்கட சனம் இந்த விஷயத்தை எப்போதும் போகிற ஆளின் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. இங்கிலீஷ் சோதனை பாஸா, பாங்கில் காசு காட்டியாச்சா, கடவுச்சீட்டு எத்தனை வருடத்துக்கு இருக்கு, இதுதான் கதை. ஆனால் பிரித்தானியாவின் வேலை அனுமதிச் சட்டத்தில் பெரும் பங்கு போகிற ஆளைப் பற்றியதே இல்லை, வேலை கொடுக்கிறவரைப் பற்றியது. அவர் யார், என்ன லைசன்ஸ் வைத்திருக்கிறார், எந்த வேலைக்கு ஆள் எடுக்கலாம், எவ்வளவு சம்பளம் கொடுக்க வேண்டும், எந்தச் செலவைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும், ஆள் வேலைக்கு வராவிட்டால் எத்தனை நாளில் அறிவிக்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் லண்டனில் ஒரு உணவு விநியோகக் கொம்பனியில் ஆட்சேர்ப்புப் பகுதியில் இருந்தபோது இந்த ஸ்பொன்சர் வேலையை அந்தப் பக்கத்திலிருந்து செய்தவன். இப்போது கோண்டாவிலில் இருந்துகொண்டு இங்கே சுத்துகிற கடிதங்களைப் பார்க்கும்போது, முதலாளிக்கு உள்ள விதிகளில் பாதியைத் தெரிந்திருந்தாலே பத்து நிமிடத்தில் பிடித்துவிடக்கூடிய சுத்துமாத்துக்குப் பரம்பரைக் காணி போகிறதே என்றுதான் வயிறு எரிகிறது.

முதலில் லைசன்ஸ். பிரித்தானியாவில் ஒரு கொம்பனி வெளிநாட்டுக்காரரை வேலை விசாவில் எடுக்க வேண்டுமென்றால் ஹோம் ஒபிஸிடம், அதாவது அங்குள்ள உள்துறை அமைச்சிடம், ஸ்பொன்சர் லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் கணக்கில் சின்னக் கொம்பனிக்கு 574 பவுண்ட், பெரியதற்கு 1,579 பவுண்ட் கட்டணம். காசைக் கட்டினால் மட்டும் கிடைக்காது. உண்மையிலேயே நடக்கிற தொழிலா, ஆட்களின் பதிவுகளைக் கவனிக்க ஒழுங்கான முறை இருக்கிறதா, பொறுப்பாக ஒரு ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள், இடத்துக்கே வந்தும் பார்ப்பார்கள். லைசன்ஸ் உள்ள எல்லாக் கொம்பனிகளின் பட்டியலும் பிரித்தானிய அரசின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கக்கூடிய விதமாகவே கிடக்கிறது. கொம்பனியின் பெயர், ஊர், தரம், எந்த விசாப் பிரிவுக்கு லைசன்ஸ் என்பவை அதில் இருக்கும், அநேகமாக ஒவ்வொரு வேலை நாளும் அதைப் புதுப்பிக்கிறார்கள். பார்க்க ஒரு சதம் செலவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள், இப்போதைய ஏஜென்ட்மாருக்கும் இந்தப் பட்டியல் தெரியும். அதிலிருந்தே உண்மையான ஒரு கேர் ஹோமின் பெயரை எடுத்து, அதன் சின்னத்தை வெட்டி ஒட்டிக் கடிதம் அடிக்கிறார்கள். நீங்கள் தேடிப் பார்த்தால் பெயர் இருக்கும், 'பார்த்தீங்களா, உண்மைதானே' என்பார்கள். பட்டியலில் பெயர் இருப்பது அந்தக் கொம்பனிக்கு லைசன்ஸ் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, உங்கள் தம்பிக்கு வேலை கொடுத்தது என்பதற்கு அல்ல. அதற்கு ஒரே வழி கொம்பனியிடமே கேட்பது. கடிதத்தில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு எடுக்காதீர்கள், அது ஏஜென்டின் மச்சானின் நம்பராகவும் இருக்கலாம். கொம்பனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்கு எடுங்கள், அல்லது லண்டனில் இருக்கும் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். 'இந்தப் பெயரில் ஒருவருக்கு வேலை கொடுத்தீர்களா?' என்ற ஒற்றைக் கேள்வி போதும்.

அடுத்தது சிஓஎஸ். இங்கே இதை ஒரு பத்திரம், ஒரு சேர்டிபிகேட், லொத்தர் டிக்கெட் மாதிரிக் கதைக்கிறார்கள். 'என்னட்டை மூன்று சிஓஎஸ் இருக்கு, கெதியாச் சொன்னால் ஒன்றை ஒதுக்கித் தாறன்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வசனத்திலேயே ஆளைப் பிடித்துவிடலாம். சிஓஎஸ் என்பது ஹோம் ஒபிஸின் கணினி அமைப்புக்குள் முதலாளி நிரப்புகிற ஒரு பதிவு. வெளிநாட்டிலிருந்து நேரே வருகிற ஆளுக்கு என்றால், இன்ன வேலை, இன்ன சம்பளம், வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம், வேலைக்கு இப்படி ஒரு தேவை என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே முதலாளி முதலில் ஹோம் ஒபிஸிடம் கேட்க வேண்டும். அவர்கள் சம்மதித்த பிறகுதான் அதை ஒரு குறித்த ஆளின் பெயரில், அவருடைய கடவுச்சீட்டு விபரத்தோடு பதியலாம். பதிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த ஆள் விசாவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் அது செத்துப்போகும். ஆகவே ஆளே தெரியாமல் ஒருவர் கையில் மூன்று சிஓஎஸ் 'இருக்க' வழியில்லை.

நீங்கள் வட்ஸ்அப்பில் எடுத்து அனுப்பிய படத்துக்கு வருகிறேன். மேலே முடியுடன் கூடிய அரச சின்னம், நடுவில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை, கீழே ஒரு 'விசா அதிகாரி'யின் கையொப்பம், ஓரத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். உண்மையான சிஓஎஸ்ஸைப் பிரதி எடுத்துப் பார்த்தால் அதைவிட வடிவில்லாத தாள் உலகத்தில் இல்லை என்று நினைப்பீர்கள். முத்திரை இல்லை, கையொப்பம் இல்லை, கட்டம் கட்டமாக விபரம் மட்டும்: ஆளின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வேலை செய்யும் இடத்தின் முகவரி, வேலையின் தொழிற்குறியீடு, சம்பளம், வேலை நேரம், தொடங்கும் திகதி, முடியும் திகதி, அந்தப் பதிவுக்கென்றே உள்ள இலக்கம். விசாவுக்குத் தேவை அந்த இலக்கம்தான், தாள் அல்ல.

அதைவிட எனக்குச் சிரிப்பு வந்த இடம் சம்பளம். வருடத்துக்கு 20,960 பவுண்ட் என்று போட்டிருக்கிறார்கள். அது 2023இல் கேர் வேலைக்காரருக்கு இருந்த குறைந்தபட்சச் சம்பளம். 2024 ஏப்ரல் 4 தொடக்கம் அது 23,200 ஆனது, 2025 ஏப்ரல் 9 தொடக்கம் 25,000 ஆனது. உங்கள் கடிதத்தின் திகதியோ அதற்கெல்லாம் பிந்தியது. அதாவது யாரோ பழைய உண்மைக் கடிதம் ஒன்றை வைத்துப் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், சம்பளத்தை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. லைசன்ஸ் உள்ள எந்த முதலாளியும் அந்தத் தொகையைப் போட்டு ஒருவரை எடுக்கவே முடியாது.

இவ்வளவு நுணுக்கம்கூடத் தேவையில்லை. 2025 ஜூலை 22 தொடக்கம், கேர் வேர்க்கர், சீனியர் கேர் வேர்க்கர் என்ற இரண்டு வேலைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா நிறுத்திவிட்டது. ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் சட்டப்படி இருந்து, அந்த முதலாளியிடம் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்தவர்கள் மட்டும் 2028 ஜூலை வரை இந்த விசாவுக்கு மாறலாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கு, தலைகீழாக நின்றாலும், கேர் ஹோமில் பராமரிப்பு வேலைக்கென்று சிஓஎஸ் எழுத எந்த முதலாளிக்கும் அதிகாரம் இல்லை. கதை அவ்வளவுதான். ஏஜென்ட் எவ்வளவு நல்ல மனிசனாக, எந்தக் கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிறவராக இருந்தாலும் இதுதான் நிலைமை.

'அப்போ 2023இல் எங்கட ஒழுங்கையில் இருந்து இரண்டு பெடியன்கள் போனார்களே' என்று கேட்டிருந்தீர்கள். போனார்கள், உண்மை. 2022 பெப்ரவரியில் கேர் வேலையைத் திறந்துவிட்டார்கள், அங்கே ஆட்பற்றாக்குறை அப்படி இருந்தது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் ஒழுங்காகப் போய் ஒழுங்காக உழைக்கிறவர்களும் நிறையப் பேர், அவர்களைக் காட்டித்தான் இன்றைக்கும் யாவாரம் நடக்கிறது. 2024 மார்ச் 11 தொடக்கம் கேர் வேலைக்காரர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாமல் செய்தார்கள், அதே நாளிலிருந்து இங்கிலாந்தில் ஸ்பொன்சர் பண்ணுகிற கேர் கொம்பனி, இத்துறையைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள், 2025 ஏப்ரலில் உள்ளே வேலை இழந்து நிற்கிறவர்களை முதலில் எடுத்துப் பார் என்றார்கள், ஜூலையில் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே வேலை இழந்து நிற்கிறவர்கள் என்றேனே, அவர்களின் கதையையும் கேளுங்கள், ஏனென்றால் 'எப்படியாவது உள்ளே போய்விட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் எங்கட ஊரில் அதிகம். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் கேர் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட கொம்பனிகளின் ஸ்பொன்சர் லைசன்ஸைப் பறித்ததாகப் பிரித்தானிய அரசே சொன்னது, அந்தக் கொம்பனிகளோடு சம்பந்தப்பட்ட வேலைக்காரர் 39,000க்கு மேல். முதலாளியின் லைசன்ஸ் போனால் வேலைக்காரரின் விசாவும் ஆட்டம் காணும். ஹோம் ஒபிஸ் கடிதம் அனுப்பும், வழமையாக 60 நாள் தருவார்கள், அதற்குள் லைசன்ஸ் உள்ள வேறு முதலாளியைப் பிடித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்கிட வேண்டும். இத்தனைக்கும் பிழை செய்தது முதலாளி. வாரத்துக்கு 39 மணித்தியாலம் என்று சிஓஎஸ்ஸில் எழுதிவிட்டுப் பத்து மணித்தியாலம் கொடுத்தவர்கள், வேலையே இல்லாமல் சிஓஎஸ் விற்றவர்கள், சம்பளத்தைக் கணக்குக்குப் போட்டுவிட்டுப் பாதியைக் காசாகத் திருப்பி வாங்கினவர்கள் என்று பல விதம். வரித் திணைக்களத்துக்குப் போகும் சம்பளக் கணக்கையும் சிஓஎஸ்ஸில் எழுதிய சம்பளத்தையும் ஹோம் ஒபிஸ் ஒப்பிட்டுப் பார்க்கும், ஆகவே ஒளித்து வைப்பது முன்னரைப் போல் லேசில்லை.

ஒழுங்கான முதலாளிக்கும் தலையிடி குறைவில்லை. நான் பார்த்த வேலையில் பாதி அறிவித்தல் கொடுப்பதுதான். ஆள் குறித்த நாளில் வேலைக்கு வரவில்லையா, சொல்லாமல் தொடர்ந்து பத்து வேலை நாள் காணவில்லையா, வேலையை விட்டாரா, சம்பளம் குறைந்ததா, வேலை செய்யும் இடம் மாறியதா, எல்லாவற்றையும் பத்து வேலை நாளுக்குள் அந்தக் கணினி அமைப்பில் பதிய வேண்டும். பதியாவிட்டால் லைசன்ஸின் தரத்தை இறக்குவார்கள், இல்லாவிட்டால் பறிப்பார்கள். இதைச் சொல்வதன் காரணம், 'சிஓஎஸ்ஸில் போங்கோ, ஆனால் அந்த வேலை செய்யத் தேவையில்லை, லண்டனில் வேறு எங்கையும் நிக்கலாம்' என்று ஒரு வகைப் பொதி விற்கிறார்கள், கேட்டிருப்பீர்கள். அப்படிப் போகிறவரின் விசா, முதலாளி அறிவித்தவுடனே போய்விடும். முதலாளி அறிவிக்காமல் விட்டால் அவரையும் சேர்த்துப் பிடிக்கும்போது போகும்.

இப்போது காசு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சிஓஎஸ் ஒன்றைப் பதிய முதலாளி ஹோம் ஒபிஸுக்குக் கட்டும் தொகை 2025 ஏப்ரலில் இருந்து 525 பவுண்ட். அதற்கு முன்னர் 239. அதோடு வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கென்று திறன் கட்டணம் ஒன்று கட்ட வேண்டும், 2025 டிசம்பர் 16 தொடக்கம் அது சின்னக் கொம்பனிக்கு வருடத்துக்கு 480, பெரியதற்கு 1,320 பவுண்ட். பேச்சுக்கு ஒரு பவுண்டை 400 ரூபா என்று வையுங்கள். சின்னக் கொம்பனி ஒன்று உங்கள் தம்பியை மூன்று வருடத்துக்கு எடுத்தால் அதற்குச் செலவு 525உம் 1,440உம் சேர்த்து 1,965 பவுண்ட், எட்டு லட்சத்துக்குள். இதில் திறன் கட்டணத்தை வேலைக்காரரிடம் அறவிடவே கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே சட்டம். சிஓஎஸ் கட்டணத்தையும் லைசன்ஸ் செலவையும்கூட இந்தத் திறன்சார் வேலை விசாவில் வருகிறவரிடம் வாங்கக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 தொடக்கம் போட்டுவிட்டார்கள், வாங்கினால் லைசன்ஸ் போகும். வேலை தேடிக் கொடுத்ததற்கென்று ஆளிடம் காசு வாங்குவது பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை. ஆகவே 'சிஓஎஸ் காசு' என்ற பெயரில் உங்களிடம் கேட்கப்படும் ஒரு ரூபாவுக்குக்கூட அங்கே சட்டத்தில் இடமில்லை.

அப்படியென்றால் போகிறவருக்கு ஒரு செலவும் இல்லையா? இருக்கிறது. விசாக் கட்டணம் அவர் கட்ட வேண்டும், 2025 ஏப்ரல் கணக்கில் மூன்று வருடம் வரைக்கும் 769 பவுண்ட். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்ட், மூன்று வருடத்துக்கு 3,105. மருத்துவப் பராமரிப்புத் துறை விசா என்றால் சுகாதாரக் கட்டணம் இல்லை, விசாக் கட்டணமும் அதே 2025 கணக்கில் 304 பவுண்ட்தான். இங்கிலீஷ் சோதனை, 2026 ஜனவரி 8 தொடக்கம் முன்னரைவிட ஒரு படி கூடிய பி2 தரம் வேண்டும். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில். முதலாளி பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண்ட் 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், அது செலவில்லை, உங்கள் காசாகவே இருக்கும். ஆக, அந்த 2025 கணக்கில், சாதாரண வேலை விசாவில் உண்மையாகப் போகிறவருக்கே அரசாங்கத்துக்குக் கட்டுவது 3,874 பவுண்ட், பதினைந்தரை லட்சம் அளவில். அதையும் பிரித்தானிய அரசின் இணையதளத்தில் நேரே பாங்கு அட்டையால் கட்டுகிறார், பற்றுச்சீட்டு அவருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது. ஏஜென்டின் கையில் கொடுக்க எதுவும் இல்லை. 48 லட்சத்தில் மிச்சம் எங்கே போகிறது என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்.

ஹரோ மாமா. மாமா ஸ்பொன்சர் பண்ணலாமா என்றால், லைசன்ஸ் எடுக்க அவருக்கு உரிமை உண்டு, சொந்தக்காரர் என்பதும் தானாகத் தடையாகாது. தடை வேலையில் இருக்கிறது. 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் வேலை பொதுவாகப் பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும், சம்பளம் குறைந்தது 41,700 பவுண்ட் அல்லது அந்த வேலைக்கென்று குறித்த சம்பளம், இரண்டில் எது கூடவோ அது. இளம் வயதினர், புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு 33,400 வரை இறங்கலாம், ஆனால் வேலையின் தரம் இறங்காது. அதற்குக் கீழே உள்ள சில வேலைகளைத் தற்காலிகப் பட்டியல் ஒன்றில் விட்டு வைத்திருக்கிறார்கள், அதில் சமையல்காரர் இல்லை. கல்லாவில் நிற்பது, சாமான் அடுக்குவது எல்லாம் ஸ்பொன்சர் பண்ணக்கூடிய வேலையாக ஒருநாளும் இருந்ததே இல்லை. 'மனேஜர் என்று போட்டுக் கூப்பிடுங்கோவன்' என்று இங்கிருந்து சிலர் யோசனை சொல்வார்கள். இல்லாத வேலையைக் காட்டினால் அதற்கென்றே ஒரு விதி இருக்கிறது, உண்மையான வெற்றிடமா என்று பார்ப்பார்கள். ஒற்றைக் கடைக்கு இரண்டாவது மனேஜர் எதற்கு என்று கேட்டால் மாமா என்ன சொல்லப் போகிறார்? அவருடைய இருபது முப்பது வருட உழைப்பைப் பணயம் வைக்கச் சொல்லாதீர்கள்.

மாமாவுக்கு வேண்டுமானால் இன்னொன்று சொல்லுங்கள், ஸ்பொன்சரோடு சம்பந்தமில்லை, ஆனால் எங்கட ஆட்களின் கடைகளும் பெற்றோல் செட்டுகளும் மாட்டுகிற இடம் இதுதான். கடையில் யாரை நிறுத்தினாலும், அக்கா மகன் என்றாலும், முதல் நாளைக்கு முன்னர் வேலை உரிமையைச் சரிபார்க்க வேண்டும். இப்போது விசா அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில். ஆள் தன் இணைய விசாக் கணக்கில் போய் ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துத் தருவார், முதலாளி அதையும் பிறந்த திகதியையும் ஹோம் ஒபிஸின் முதலாளிகளுக்கான பக்கத்தில் போட்டுப் பார்த்து, திகதியுடன் பிரதி எடுத்து வைக்க வேண்டும், ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் வரைக்கும். ஆள் காட்டுகிற போன் திரையைப் பார்ப்பது சரிபார்ப்பு அல்ல. மாணவர் விசா என்றால் படிப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். விசிட் விசாவில் வந்தவரை 'சும்மா உதவிக்கு' என்று கல்லாவில் விடுவதும் வேலைதான். பிடிபட்டால் 2024 பெப்ரவரி 13 தொடக்கம் அபராதம் ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை, திரும்பவும் பிடிபட்டால் 60,000 வரை. தெரிந்தே வைத்திருந்தார் என்றால் ஐந்து வருடம் வரை மறியல். சரிபார்த்த பிரதி கையில் இருந்தால் இந்த அபராதத்திலிருந்து தப்பலாம், அதற்காகத்தான் அந்தப் பிரதி.

கனடா. எல்எம்ஐஏ என்பது கனடா முதலாளி ஒருவர், 'இந்த வேலைக்கு இங்கே ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுக்க விடுங்கள்' என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்குகிற மதிப்பீடு. அது விசா அல்ல, அதை வைத்துப் பிறகு ஆள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதை மறுக்கவும் செய்வார்கள். முதலாளி ஒரு வெற்றிடத்துக்கு 1,000 டொலர் கட்டுகிறார், அதையும் ஆளிடம் அறவிடக் கூடாது. அநேகமாக நாலு வாரமாவது உள்ளூரில் விளம்பரம் போட்டு ஆள் தேட வேண்டும்.

உங்கள் ஏஜென்ட் சொன்னது ஸ்காபரோவில் ஒரு உணவகத்துச் சமையலறை உதவியாளர் வேலை. ஒன்ராறியோவில் 2025 ஜூன் இறுதியில் இருந்து மணிக்கு 36 டொலருக்குக் குறைந்த வேலை குறைந்த சம்பளப் பிரிவில் வரும், சமையலறை உதவியாளருக்கு அதில் பாதிதான் வரும். 2024 செப்டெம்பர் 26 தொடக்கம், வேலையில்லாதோர் 6 வீதமோ அதற்கு மேலோ உள்ள நகரங்களில் குறைந்த சம்பள எல்எம்ஐஏ விண்ணப்பங்களைக் கையில் எடுப்பதே இல்லை. விவசாயம், கட்டடம், மருத்துவம், உணவு பதனிடுதல் போன்றவற்றில் சிலதற்கு மட்டும் விலக்கு. எந்தெந்த நகரம் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுவார்கள், இந்த விதி வந்த காலத்திலிருந்து ரொறொன்ரோ அதில் இருக்கிறது, ஸ்காபரோ ரொறொன்ரோவுக்குள். 'எல்எம்ஐஏ இருந்தால் பிஆருக்குப் புள்ளி கூடும்' என்றும் சொல்லியிருப்பார், பிஆர் என்றால் நிரந்தர வதிவிடம். கூடியது. அதை வைத்து எல்எம்ஐஏ விற்கிறார்கள் என்றுதான் 2025 மார்ச் 25 அன்று அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்ய, அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர், சட்டத்தரணி போன்றவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, ஆலோசகர்களின் பதிவேடும் இணையத்தில் திறந்தே இருக்கிறது. அவருடைய பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

சரி, கொடுத்த 5 லட்சம். முதலில் மேலும் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்டவர்கள் அடுத்ததாக 'காசு கட்டாவிட்டால் நாளைக்கு சிஓஎஸ் ரத்தாகும்' என்று அந்தரப்படுத்துவார்கள், அல்லது மிச்சத்தை லண்டனில் உள்ள சொந்தக்காரர் ஒருவர் மூலம் காசாகக் கொடுங்கள், பாங்குக்கு வெளியே உண்டியல் முறையில் விடுங்கள் என்பார்கள், எங்கும் பதிவு இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இங்கே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ள முகவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, 1989க்கு அழைத்தும் கேட்கலாம். உரிமம் இருந்தாலும் போதாது, அந்தக் குறித்த நாட்டுக்கு, அந்தக் குறித்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். 'நாங்கள் ஸ்ருடன்ட் கன்சல்டன்சி, பணியகம் எங்களுக்குத் தேவையில்லை' என்பார்கள். மாணவர் விசாவுக்கு அது சரியாக இருக்கலாம், வேலைக்கு ஆள் அனுப்பினால் தேவை. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், கொழும்புக்கு ஓட முன்னர் அவரிடம் போனால் முறைப்பாட்டை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார். பொலிஸிலும் போடலாம், ஒன்று மற்றதற்குத் தடையில்லை.

முறைப்பாட்டுக்கு முன்னர் ஆதாரத்தைச் சேருங்கள். பாங்குச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல் முழுவதும், குரல் பதிவுகள், அந்தக் கடிதம், அலுவலகப் பலகையின் படம். கையில் காசாகக் கொடுத்திருந்தால், 'அன்றைக்குத் தந்த 5 லட்சத்துக்குப் பற்றுச்சீட்டு எப்ப தருவீர்கள் அண்ணை' என்று சாதாரணமாக ஒரு செய்தி போடுங்கள், அவர் 'தாறன் தங்கச்சி' என்று பதில் போட்டாலே அது உங்களுக்கு ஒரு எழுத்து. சண்டை பிடித்த பிறகு கேட்டால் பதில் வராது. தம்பியின் கடவுச்சீட்டு அவரிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் முதல் அதை வாங்குங்கள், இங்கிலீஷ் சோதனைக்குப் பதிய மூலப் பிரதி வேண்டும் என்று சொன்னால் மறுக்க முடியாது, முறைப்பாடு போட்டது தெரிந்த பிறகு என்றால் அதை வைத்தே உங்களை இழுத்தடிப்பார்.